நூலும் ஊசியும் எழுதிய வரலாறு

வரலாற்றுக்குச் சான்று தேடுவோர் கல்லையும் செம்பையும் ஓலையையும் தாளையும் நாடுவர். கல்லில் எழுத மன்னனுக்கு ஆணையும் சிற்பியும் இருந்தனர். செம்பில் எழுத நிலம் பெற்றவருக்குத் தேவை இருந்தது. ஓலை கற்றோர் கையில் இருந்தது. தாள் கச்சேரி எழுத்தர் கையில் இருந்தது. இந்நான்கும் எட்டாத மக்கள் தம் நினைவை எதில் எழுதினர் என்னும் வினாவை நம் பாடநூல்கள் எழுப்புவதில்லை. நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவ்வினாவை எழுப்புதல் பொருத்தமாகும். ஏனெனில், எழுத்து மறுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கொண்டு சேர்ப்பதற்கே இச்சங்கம் தோன்றியது. எழுத்து வருமுன் நம் மக்களிடம் எதுவுமே இல்லை என்று எண்ணிவிடலாகாது. குரல் இருந்தது, பறை இருந்தது, கை இருந்தது. அக்கை நெய்த துணியும் தைத்த தையலும் இருந்தன. அத்துணியைப் பற்றியே இக்கட்டுரையில் பேசுகிறோம்.

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2ஆம் நாள் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவாயிற்று. 2004இல் கிருட்டிணகிரி இதிலிருந்து பிரிந்தது. மாவட்டம் புதிது, மண் பழையது. அதியமானின் தகடூர் இதுவே என்பதையும், நடுகற்கள் மிகுந்த நாடு இது என்பதையும் நம் மாணவர் அறிவர். ஆநிரை மீட்டு மாண்ட வீரன் கல்லில் நிற்கிறான். அவன் மீட்ட ஆநிரையை நாள்தோறும் மேய்த்தவர் யார்? அவன் உடுத்திச் சென்ற ஆடையை நெய்தவர் யார்? கல் இவற்றைச் சொல்வதில்லை. ஆயினும் இம்மண்ணின் மிகப் பழைய இலக்கியச் சான்றுகளில் ஒன்று துணியைப் பற்றிப் பேசுகிறது. அதியமான் மகன் பொகுட்டெழினியை ஒளவையார் பாடிய புறநானூற்று 392ஆம் பாட்டில், வாயிலில் வந்து நின்ற பாடுநரின் கிழிந்த பழந்துணி களையப்பட்டு, நுண்ணிய நூலால் ஆன புத்தாடை உடுத்தப்படும் செய்தி உள்ளது. ஆகவே தகடூரின் வரலாற்றில் வாளுக்கும் வேலுக்கும் அருகிலேயே ஒரு கந்தல் துணியும் இடம் பெற்றுள்ளது. அக்கந்தலைப் பிடித்துக்கொண்டு நாம் மேலே செல்வோம்.

நெய்தவர் யார்?

ஒடுக்கப்பட்ட மக்கள் அனைவரும் என்றும் நிலத்தில் உழைத்த கூலிகளே என்பது பரவலான கருத்து. இது முழு உண்மையன்று. முதலாம் இராசராசன் காலத்தைச் சேர்ந்த 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் பறையர் நெசவு, உழவு என்னும் இரு பிரிவினராகக் குறிக்கப்பட்டுள்ளனர் என்பதை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய நூலில் எடுத்துக் காட்டினார். உழுத கைக்கு இணையாக நெய்த கையும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்பதற்கு இது சான்றாகும். தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளின் வரிசையில் இன்றும் காணப்படும் கோலியர் என்னும் பெயர் நெசவுத் தொழில் செய்த ஒரு பிரிவினரின் பெயரே. ஆந்திரப் பகுதியில் மாலர்களும், மராட்டியத்தில் மகர்களுள் ஒரு பகுதியினரும் முரட்டுத் துணி நெய்து வாழ்ந்தனர்.

உழவன் உடுத்த கோவணமும் போர்த்த துப்பட்டியும் இத்தகைய தறிகளில் பிறந்தன. பட்டு நெய்தோரின் புகழ் கோயில்களில் நிலைத்தது. முரட்டுத் துணி நெய்தோரின் பெயர் துணியோடு கிழிந்து போயிற்று. ஆலைத் துணி வந்தபின் கைத்தறிகளுள் முதலில் நின்றவை மலிவான முரட்டுத் துணி நெய்த தறிகளே. உயர்ந்த பட்டுக்கு ஆலை உடனே போட்டியாகவில்லை. நாலு முழத் துண்டுக்குப் போட்டியாயிற்று. தறியை இழந்தவர் வயலுக்கும், மலைத் தோட்டத்துக்கும், கடல் கடந்த கூலிக்கும் சென்றனர். ஒரு தொழிலை இழந்த மக்கள் அத்தொழிலின் நினைவையும் சேர்த்தே இழந்தனர். இன்று நம் மாவட்டத்துப் பெண்மக்கள் பலர் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் நூற்பாலைகளிலும் பணி செய்கின்றனர். அவர் தைக்கும் ஆடை உலகெங்கும் செல்கிறது. ஆடையின் கழுத்துப் பட்டியில் நாட்டின் பெயர் இருக்கிறது; வணிகக் குழுமத்தின் பெயர் இருக்கிறது; தைத்தவள் பெயர் இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கல்வெட்டிலாவது தொழிற்பெயர் எஞ்சிற்று என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

உடை என்னும் விலங்கு

துணி நம் மக்களுக்குப் பெருமையாக மட்டும் இருந்ததில்லை, விலங்காகவும் இருந்தது. யார் எவ்வளவு உடுத்தலாம் என்பதைச் சாதி அளந்தது. திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டு போராடினர். 1859இல்தான் அரசாணை பிறந்தது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்மீது ஆதிக்கச் சாதியார் எட்டுத் தடைகளை விதித்தனர். பொன் வெள்ளி நகை அணியலாகாது. ஆடவர் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தலாகாது. சட்டையோ பனியனோ அணியலாகாது. பெண்கள் மேலுடலைத் துணியால் மறைத்தலாகாது என்பன அவற்றுள் சில. 1931இல் தடைகள் பதினொன்றாகப் பெருகின. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதிகாரியாக இருந்த ஹட்டன் தம் நூலில் இவற்றைப் பதிவு செய்துள்ளார். தடையை மீறியோரின் குடிசைகள் எரிந்தன.

இந்தப் பின்னணியில் 1927 டிசம்பரில் மகாத்தில் கூடிய ஒடுக்கப்பட்ட குலப் பெண்களிடம் அண்ணல் அம்பேத்கர் ஆற்றிய உரையை நோக்க வேண்டும். சேலையைக் கணுக்கால் வரை உடுத்துங்கள்; தீண்டாதவர் என்று அடையாளம் காட்டும் கனத்த வெள்ளி நகைகளையும் வளையல்களையும் விட்டுவிடுங்கள் என்பது அவ்வுரையின் கருத்து. பெண்கள் உடனே அதைப் பின்பற்றினர். உடை சாதிச் சின்னமாக இருக்கும் வரை அதைக் களைவதே விடுதலை என்னும் தெளிவு அவரிடம் இருந்தது. அவர் தாமும் கோட்டும் சூட்டும் அணிந்து நின்றார். இன்று நம் ஊர்ச் சிலைகளில் காணும் அந்நீல உடை, முழங்காலுக்குக் கீழே துணி கூடாது என்றவர்க்குச் சொல்லப்பட்ட விடையாகும்.

எனவே ஒரு சிக்கல் எழுகிறது. பழைய உடையைக் களை என்றார் நம் தலைவர். பழைய துணியைக் காப்பாற்று என்கிறது இக்கட்டுரை. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகுமா? இதற்கு விடை காண நம் மாவட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உள்ளது.

மலையடிவாரத்து லம்பாடியர்

அரூருக்குக் கிழக்கே, சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கு சிட்லிங்கி. அங்கே மலையாளிப் பழங்குடியினர் பெருந்தொகையாகவும், அவர்களோடு தலித் மக்களும் லம்பாடியரும் வாழ்கின்றனர். லம்பாடியர் குடியிருப்புக்குத் தாண்டா என்று பெயர். அவர்கள் பேச்சு இராசத்தானத்து மொழிகளோடு உறவுடையது. வட நாட்டில் பஞ்சாரர் எனப்பெறும் அம்மக்கள் பொதி மாடுகளின்மேல் உப்பும் தானியமும் ஏற்றி நாடு முழுதும் நடந்த வணிகர். உப்பைக் குறிக்கும் லவணம் என்னும் சொல்லிலிருந்தே லம்பாடி என்னும் பெயர் வந்ததென்பர். முகலாயப் படைக்கும் தக்காணத்துப் படைகளுக்கும் அவர்கள் தானியம் சுமந்தனர். 1790 முதல் 1792 வரை நடந்த மூன்றாம் மைசூர்ப் போரில் காரன்வாலிசின் படை உணவுக்கு அவர்களையே பெரிதும் நம்பியது. அப்போரின் முடிவில், 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி, தருமபுரி அடங்கிய பாராமகால் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியாரின் கைக்கு வந்தது. கர்னல் ரீடும் தாமசு மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து வரி விதித்த கதை எல்லா நூல்களிலும் உள்ளது. கும்பினிப் படைக்கு அரிசி சுமந்தவரின் கதை அவற்றில் சில வரிகளோடு முடிந்துவிடுகிறது.

கும்பினியார்க்குச் சோறு சுமந்தவரைக் கும்பினி ஆட்சியே வீழ்த்தியது. 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் தனியுரிமையாயிற்று. 1860களில் சென்னையிலிருந்து சோலார்ப்பேட்டை, மொரப்பூர், சேலம் வழியாக மேற்குக் கடற்கரை நோக்கி இருப்புப்பாதை சென்றது. நூறு மாடுகள் பத்து நாளில் சுமந்ததைப் புகைவண்டி ஒரே நாளில் சுமந்தது. மாடு விற்றவர் வழியில் கண்ட மலையடிவாரங்களில் தங்கினர். நாடோடி மக்கள் பலரைக் குற்றப் பரம்பரையினர் என்று முத்திரையிட்ட சட்டம் 1871இல் பிறந்தது. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சில பகுதிகளின் லம்பாடியரும் அதன் வலையில் சிக்கினர். 1952இல்தான் அம்முத்திரை நாடு முழுதும் நீங்கிற்று. இன்று கருநாடகத்தில் அவர்கள் பட்டியல் சாதியினர், ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் பட்டியல் பழங்குடியினர், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர். ஒரே மக்கள், ஒரே தையல், மூன்று பட்டியல்கள். எல்லைக்கோடு மக்களின் நினைவைப் பார்த்து வரையப்படுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

துணியில் ஒட்டிய உலகம்

லம்பாடிப் பெண்டிரின் பழைய உடை பாவாடை, முதுகு திறந்த இரவிக்கை, முக்காடு என மூன்றாகும். அடித்துணி பெரும்பாலும் சிவப்பும் கருநீலமும் ஆகும். அதன்மேல் கட்டமும் முக்கோணமும் சாய்கோடும் சங்கிலியுமாகப் பல நிற நூலால் தையல் வேலை செறிந்திருக்கும். இத்தையல் முறைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. கருநாடகத்துச் சண்டூர்ப் பகுதியின் லம்பாணித் தையலுக்கு 2010இல் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. நூலோடு நில்லாமல் கண்ணாடித் துண்டு, சோழி, மணி, உலோக வில்லை, கம்பளிக் குஞ்சம், நாணயம் ஆகியவையும் துணியில் ஏறும். பல பொருள்களைச் சேர்த்து ஒரு கலைப்பொருளாக்கும் முறையை இன்றைய ஓவியக் கல்லூரிகள் பல்பொருட்கலை என்று கற்பிக்கின்றன. தாண்டாப் பெண்கள் கல்லூரி காணாமலே அதைச் செய்தனர்.

இவ்வொவ்வொரு பொருளும் ஒரு வரலாற்று ஏடாகும். சோழி மாலத்தீவுக் கடலில் விளைந்தது. வங்கத்தில் நெடுங்காலம் காசாகவே வழங்கியது. கடலைக் காணாத மலையடிவாரத்துப் பெண்ணின் முக்காட்டில் அச்சோழி இருப்பது, அவள் முன்னோர் நடந்த வணிக வழிகளின் சுவடு. நாணயம் சேமிப்புமாகும், அணியுமாகும். வீடே இல்லாமல் நடந்தவர்க்கு உடுத்த துணியே பெட்டகமாயிற்று. நாணயத்தில் இருக்கும் அரசரின் தலையைக் கொண்டு அது எக்காலத்தது என்று ஒருவாறு கணிக்கலாம். கண்ணாடித் துண்டில் துளை கிடையாது. அதைச் சுற்றி நூலாலேயே வளையமிட்டுச் சிறைப்பிடிப்பதே தையலின் திறம். கந்தலான பழந்துணிகள் அடுக்கித் தைக்கப்பட்டுப் பொதிக்கும் பைக்கும் விரிப்புக்கும் பயன்பட்டன. எதையும் எறிவதில்லை என்பது வறுமையின் சட்டம். அச்சட்டத்திலிருந்து ஓர் அழகை உண்டாக்கியது அவர்களின் ஆற்றல்.

காலம் மாறியது. பள்ளத்தாக்கில் குடியமர்ந்த தலைமுறையினர் கூலி வேலைக்கு வெளியே செல்லத் தொடங்கினர். கண்ணாடி பதித்த பாவாடை வேற்றாளைக் காட்டிக் கொடுத்தது, ஏளனத்துக்கும் இடமாயிற்று. பெண்கள் சேலைக்கு மாறினர். அது அவர்களின் உரிமை. அதைக் குறை கூற நமக்கு வாயில்லை. ஆனால் பாவாடையோடு தையலும் போயிற்று. இரண்டு தலைமுறைக்குள் சிட்லிங்கித் தாண்டாக்களில் அத்தையலை முறையாக அறிந்தவர் இரண்டு மூதாட்டியர் மட்டுமே என்னும் நிலை வந்தது.

1993 முதல் அப்பள்ளத்தாக்கில் பழங்குடி நல மருத்துவப் பணி நடத்திவரும் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி இணையரின் முயற்சி இங்கே குறிப்பிடத்தக்கது. நோய்க்குக் காரணம் வறுமை என்று கண்டவர், வறுமைக்கு மருந்து கைத்தொழில் என்றும் கண்டனர். லலிதா ரெஜியின் தூண்டுதலால் அம்மூதாட்டியர் தையலை இளம்பெண்களுக்குக் கற்பித்தனர். 2006இல் தொடங்கிய அம்முயற்சி போர்கை என்னும் கைவினைஞர் சங்கமாக வளர்ந்தது. போர்கை என்றால் லம்பாடிப் பேச்சில் பெருமிதம் என்று பொருள். இன்று 60 பேர் அளவில் பெண்கள் அதில் தைக்கின்றனர். பாவாடைக்கு மட்டும் உரியதாயிருந்த தையல் இப்போது சட்டையிலும் பையிலும் திண்டுறையிலும் சுவரில் தொங்கும் துணியிலும் ஏறியுள்ளது. கூலி தேடி ஊரைவிட்டுச் சென்ற பெண்களுள் சிலர் ஊரிலேயே தங்கி உண்ண வழி பிறந்துள்ளது.

கடல் கடந்த உறவுகள்

1873இல் மகாத்மா சோதிராவ் புலே தம் அடிமைத்தனம் என்னும் நூலை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதி, நம் நிலைக்கும் அவர் மக்களின் நிலைக்கும் உள்ள ஒப்புமையைச் சுட்டினார். அவ்வழியில் நாமும் அம்மக்களின் துணியை நோக்குவோம்.

1837இல் சார்சியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்சு என்னும் பெண் விவிலியக் கதைகளைத் துணித் துண்டுகளால் ஒட்டித் தைத்து ஒரு மெத்தை விரிப்பை உருவாக்கினார். 1886இல் ஒரு பருத்திக் கண்காட்சியில் அது வைக்கப்பெற்றது. வறுமை நெருக்கியபோது பத்து டாலர் கேட்டு, ஐந்து டாலருக்கு அதை விற்றார். வாங்கிய ஓவிய ஆசிரியை ஒவ்வொரு கட்டத்துக்கும் பவர்சு சொன்ன விளக்கத்தைக் கேட்டு எழுதி வைத்தார். இன்று அவ்விரிப்பு அமெரிக்க நாட்டின் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அன்று எழுதி வைத்த சொற்கள் இல்லாவிடில் அது அழகிய துணியாக மட்டுமே எஞ்சியிருக்கும். சொற்கள் இருந்தமையால் ஒரு பெண்ணின் சிந்தனையாக நிற்கிறது. துணியைக் காத்தால் போதாது, தைத்தவள் சொல்லையும் காக்க வேண்டும் என்பது இதனால் பெறும் பாடம்.

அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவு ஒன்றில் கீசு பெண்டு என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ளோர் பருத்தித் தோட்ட அடிமைகளின் வழியினர். குளிருக்கு அஞ்சி, கிழிந்த வேலைத் துணிகளையும் மாவு மூட்டைச் சாக்குகளையும் வெட்டித் தைத்து விரிப்பு செய்தனர் அவ்வூர்ப் பெண்கள். 1942இல் மிசௌரி பெட்வே என்பவர் இறந்த தம் கணவரின் வேலை உடைகளையே வெட்டி ஒரு விரிப்புத் தைத்தார். வெளுத்த முழங்காலும் கறை படிந்த இடமும் அப்படியே அதில் தெரியும். கல்லறையில் எழுத்துப் பொறிக்க இயலாதவர் எழுதிய நினைவுக் கல் அது. 1960களில் அவ்வூரார் வாக்குரிமை கேட்டு ஆற்றைக் கடந்து பதிவு அலுவலகம் செல்லத் தொடங்கினர். 1962இல் அவ்வூர்ப் படகுத்துறை நிறுத்தப்பட்டது. 1966இல் சுற்றுவட்டாரப் பெண்கள் கூட்டுறவு அமைத்து விரிப்புகளை விற்றனர். 2002இல் நியூயார்க்குக் கலைக்கூடத்தில் அவை காட்சியாயின; 2006இல் அஞ்சல் தலைகளிலும் ஏறின. நின்றுபோன படகு மீண்டும் ஓடியதும் அதே 2006இல்தான். 2007இல் அப்பெண்களுள் சிலர், தம் கலையின் பயன் தமக்கு உரியவாறு வந்து சேரவில்லை என்று வழக்குத் தொடுத்தனர். புகழ் வந்தால் உரிமை தானே வரும் என்பது பொய் என்பதையும் இவ்வூர் காட்டுகிறது.

சிலி நாட்டில் 1973 செப்டம்பர் 11இல் படை ஆட்சி வந்தபின் ஆயிரக்கணக்கானோர் காணாமற் போயினர். அவர்களின் தாய்மாரும் மனைவியரும் கந்தல் துண்டுகளைச் சாக்குத் துணியில் ஒட்டித் தைத்து, நடந்தவற்றைப் படமாக்கினர். நாளிதழ் எழுத அஞ்சியதை ஊசி எழுதியது. ஈழத்தில் கிளிநொச்சியைச் சேர்ந்த ஓவியர் வினோஜா தர்மலிங்கம் போர் சிதைத்த நிலத்தைத் துணியில் தையலாலும் கிழிசலாலும் காட்டுகிறார். நமக்கு அண்மையில், வட கன்னட மாவட்டத்துக் காடுகளில் வாழும் ஆப்பிரிக்க வழியினரான சித்தியர் பழஞ்சேலைகளை அடுக்கிக் கவந்தி என்னும் விரிப்பைத் தைக்கின்றனர். அதன் நான்கு மூலைகளிலும் துணியை மடித்துப் பூ என்னும் சிறு முக்கோணம் வைத்துத் தைப்பர். பூ இல்லாத விரிப்பு அவர்க்கு முழுமை பெறாதது. இவர் எவரும் ஒருவரை ஒருவர் அறியார். ஆயினும் கந்தலை நினைவாக்கும் கலை எல்லாரிடமும் ஒன்றே போல் பிறந்துள்ளது.

களைவதும் காப்பதும்

இப்போது முன்னர் எழுந்த வினாவுக்கு விடை கூறலாம். உடை வேறு, கலை வேறு. பிறர் நம்மீது சுமத்திய உடை விலங்காகும். அதைக் களைவதே கடமை. மகாத்தில் அண்ணல் சொன்னது அதுவே. நம் கை தன் திறத்தால் உண்டாக்கிய கலை நம் உடைமையாகும். அதைக் களைந்தால் இழப்பு நமக்கே. சிட்லிங்கிப் பெண் பழைய பாவாடையை மீண்டும் உடுத்திக்கொள்ளவில்லை. சேலையோ சட்டையோ தான் விரும்பியதை உடுத்துகிறாள். தையலை மட்டும் திரும்பப் பெற்றாள். தன்னை ஏளனத்துக்கு ஆளாக்கிய அடையாளம் தன் கையில் வருவாயாகவும் பெருமிதமாகவும் மாறுவதற்கு அவள் முடிவு செய்தாள். முடிவு செய்தவள் அவள் என்பதே இதில் முதன்மையானது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். கைத்தொழிலைப் போற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு குலத்தொழிலைப் போற்றுவோர் நம் நாட்டில் உண்டு. 1953இல் சென்னை மாநிலத்தில் வந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகளைப் பாதி நேரம் பெற்றோரின் தொழிலுக்கு அனுப்ப முனைந்தது. குலக்கல்வித் திட்டம் என்று அதை எதிர்த்து மக்கள் போராடினர். 1954இல் அது கைவிடப்பட்டது. தையல் கற்ற தாயின் மகள் மருத்துவராகலாம், பொறியாளராகலாம், ஆட்சியராகலாம். அவள் தாயின் தையலைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறோம். அதையே தைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கல்விச் சங்கம் ஒன்றின் மலரில் இவ்வேறுபாட்டை அழுத்திச் சொல்வது இன்றியமையாதது.

எரிந்தவையும் எஞ்சியவையும்

துணியைக் காப்பது பொழுதுபோக்கா என்று கேட்போர் இருக்கலாம். நம் மாவட்டத்தின் அண்மை வரலாறு அவர்க்கு விடை கூறும். 1992 சூன் 20ஆம் நாள் அரூர் வட்டத்து வாச்சாத்தியில் சீருடையினர் புகுந்து பழங்குடி மக்களின் வீடுகளையும் உடைமைகளையும் நாசமாக்கினர். பெண்களுக்குக் கொடுமை இழைத்தனர். 2011 செப்டம்பர் 29இல் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் எனத் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2012 நவம்பர் 7ஆம் நாள், சாதி மறுப்புத் திருமணம் ஒன்றை முன்னிட்டு நத்தம், அண்ணா நகர், கொண்டாம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் சூறையாடப்பட்டன. 250க்கும் மேற்பட்ட வீடுகள் பாழாயின. பீரோவில் இருந்த பணமும் நகையும் போயின. பள்ளிச் சான்றிதழ்கள் எரிந்தன. திருமணச் சேலையும் குழந்தையின் முதற் சட்டையும் நிழற்படமும் எரிந்தன.

பணத்துக்கு இழப்பீடு உண்டு. சான்றிதழுக்கு மறுபடி உண்டு. தாயின் சேலைக்கு மறுபடி இல்லை. ஒரு மக்களின் வீட்டை எரிப்பவர், அவர்களின் முன்னேற்றத்தின் சான்றுகளையே முதலில் தேடி எரிக்கின்றனர் என்பதை அறிந்தோர்க்கு, ஒரு டிரங்குப் பெட்டியைக் காப்பதும் வரலாற்றுப் பணியே என்பது விளங்கும்.

நம் சங்கத்தின் முன் உள்ள பணி

இருபத்தைந்து ஆண்டுகளாகப் புத்தகம் கொடுத்த சங்கம் இனி ஒரு துணிப்பெட்டியையும் திறக்க வேண்டும் என்று முன்மொழிகிறோம். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டிலுள்ள மிகப் பழைய துணியைப் பற்றி ஒரு பக்கம் எழுதட்டும். பாட்டியின் கண்டாங்கிச் சேலையோ, தூளி கட்டிய வேட்டியோ, தாத்தா மில்லுக்கு அணிந்த காக்கிச் சட்டையோ, ஊரில் முதன்முதலாக அணியப்பட்ட இரவிக்கையோ, எதுவாயினும் ஆகுக. எப்போது, எங்கே, எவ்வளவு விலைக்கு வாங்கியது? யார் உடுத்தியது? எந்தத் தெருவில் உடுத்திச் செல்லத் தடை இருந்தது? தடையை முதலில் மீறியவர் யார்? இவ்வினாக்களுக்கு வீட்டு முதியோர் கூறும் விடையை அவர் பேச்சிலேயே எழுதி, ஆண்டும் ஊரும் குறிக்க வேண்டும். ஹாரியட் பவர்சின் விரிப்பு நமக்குக் கற்பித்தது இதுவே.

துணியைத் தருவோர் தரட்டும். தர மனமில்லாதார் தம்மிடமே வைத்துக்கொள்ளட்டும். அவர் இசைவின்றிப் படமும் எடுத்தலாகாது. காக்கும் முறை எளிது. கஞ்சி போட்ட துணியைப் பூச்சி அரிக்கும். ஆதலின் கஞ்சி நீங்க அலசி நிழலில் உலர்த்த வேண்டும். வெயில் நிறத்தைத் தின்னும். ஈரம் பூஞ்சணத்தை வளர்க்கும். ஒரே மடிப்பில் பல்லாண்டு வைத்தால் அம்மடிப்பிலேயே இழை முறியும். எனவே குழலில் சுற்றி வைத்தல் நலம். இயலாவிடில் ஆண்டுக்கு இருமுறை மடிப்பை மாற்றலாம். உலோக வில்லையும் நாணயமும் துருவேறித் துணியைக் கறைப்படுத்தாதவாறு இடையில் வெள்ளைத் துணி வைக்க வேண்டும். உலர்ந்த வேப்பிலையைச் சிறு பையில் கட்டி அருகில் இடலாம். இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை, ஒழுங்கு தேவை.

இவ்வாறு சேர்ந்த துணிகளின் சிறு துண்டுகளை, உரியவர் இசைந்தால், ஒன்றாக இணைத்து ஊருக்கு ஒரு நினைவு விரிப்புத் தைக்கலாம். அதைத் தைக்கும் பெண்களின் பெயரை ஓரத்தில் நூலாலேயே எழுத வேண்டும். கழுத்துப் பட்டியில் பெயர் இல்லாமல் தைத்த கைகளுக்கு நாம் செலுத்தும் முதல் மரியாதை அதுவாகும். சிட்லிங்கித் தாண்டாவின் சகோதரியரை அழைத்து நம் பிள்ளைகளுக்குத் தையல் காட்டச் சொல்வோம். அவர்களுக்கு உரிய கூலியைக் கொடுத்தே அழைப்போம். பறை முழக்கியவர், தறி நெய்தவர், பொதி சுமந்தவர், காட்டில் வாழ்ந்தவர் ஆகியோரின் பிள்ளைகள் ஒரே பாயில் அமர்ந்து ஒரே விரிப்பைத் தைக்கும் நாள், பட்டியல்கள் பிரித்தவரை நூல் இணைக்கும் நாளாகும்.

தகடூரின் கற்கள் வீரரின் பெயரைக் காத்து நிற்கின்றன. அவை நிற்கட்டும். கல்லில் இடம் கிடைக்காதவரின் பெயரை நாம் துணியிலும் தாளிலும் காப்போம். இரண்டும் கல்லைவிட மெலியவை. ஆதலின் இரண்டுக்கும் கல்லைவிட மிகுந்த காவல் வேண்டும். அக்காவலைச் சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளின் பணிகளுள் ஒன்றாக ஏற்போமாக.